தங்கை தரவிருந்த குருத்தணு: பாலக்காட்டு எல்லைக் குடும்பம் ஒன்றில் ரன்எக்ஸ்-1 மரபணு மாறுபாடும் ரத்தப் புற்றுநோயும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனத் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர்களில் பல வீடுகளின் பேச்சு தமிழ்தான். பிள்ளைகள் தமிழ் வழிப் பள்ளியில் படிக்கிறார்கள்; ரேஷன் அட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் மலையாளத்தில் வருகின்றன; பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நடக்கின்றன. காய்ச்சல் என்றால் பாலக்காட்டுக்கும் போவார்கள், பேருந்து முதலில் வந்தால் கோயம்புத்தூருக்கும் போவார்கள். அதனால் ஒரே குடும்பத்தின் மருத்துவக் காகிதங்கள் இரண்டு மாநிலங்களில், இரண்டு மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன. இந்த நிகழ்வில் அந்தச் சிதறலே ஒரு இளைஞரின் உயிருக்கே ஆபத்தாக இருந்தது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். குடும்பத்தாரின் எழுத்துபூர்வமான இசைவு பெற்று, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளிக்கு வயது 22. பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து வந்தார். மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், படி ஏறினால் மூச்சிரைப்பு. உள்ளூரில் ரத்தம் சோதித்தபோது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 19,000 என்று வந்ததும், அந்தப் பருவத்தில் எல்லோருக்கும் தோன்றுவது போலவே டெங்கு என்று முடிவாகி, நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் நான்கு நாள் கொடுக்கப்பட்டன. ஐந்தாம் நாள் எங்களிடம் வந்தபோது ஹீமோகுளோபின் 6.8 கிராம், வெள்ளணுக்கள் 41,000. ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தீற்றி நுண்ணோக்கியில் பார்த்ததில் வெள்ளணுக்களில் 62 சதவீதம் முதிராதவையாக இருந்தன. எலும்பு மஜ்ஜைச் சோதனை அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் என்று உறுதி செய்தது. குரோமோசோம்களில் கண்ணுக்குத் தெரியும் உடைப்போ இடமாற்றமோ இல்லை.

சேர்க்கைப் படிவத்தில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் 'இல்லை' என்று குறிக்கப்பட்டிருந்தது. அது எப்படி வந்தது என்பதைப் பின்னால் தாயாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மலையாளத்தில் புற்றுநோய்க்கு அர்புதம் என்று பெயர். வேலை நெருக்கடியில் செவிலியர் படிவத்தைப் படித்துக்கொண்டே போக, 'குடும்பத்தில் ஆர்க்கெங்கிலும் அர்புதம் உண்டோ' என்ற கேள்வி, தமிழ் வழியில் படித்த அந்தத் தாயாரின் காதில் அற்புதம் என்று விழுந்திருக்கிறது. மகன் கட்டிலில் படுத்திருக்கும் நேரத்தில் எந்த அற்புதத்தைச் சொல்வது என்று திகைத்து, இல்லை என்று தலையசைத்துவிட்டார். சொல் புரிந்திருந்தாலும் அவர் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார் என்பது வேறு. ஏனென்றால் அந்த வீட்டில் யாருக்கும் புற்றுநோய் வந்ததாக அந்த வீட்டுக்கே தெரியாது.

வழக்கமான சிகிச்சை தொடங்கப்பட்டது. ஏழு நாள் சைட்டராபின், அவற்றில் முதல் மூன்று நாள் டானோரூபிசின் என்ற கீமோ மருந்துகள். ஒரு மாதத்தில் மஜ்ஜையில் முதிராத அணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்தன, நோய் தணிந்தது. ஆனால் நோயணுக்களின் மரபணு அறிக்கையைப் பார்த்தால் கீமோ மட்டும் போதாது, குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்று சிகிச்சையும் தேவைப்படும் என்பது தெளிவாக இருந்தது. உடன்பிறந்தவர் ஒருவருக்குத் திசுப்பொருத்தம் முழுமையாக அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். இவருக்கு இருந்தது ஒரே தங்கை, வயது 19. அவருக்கு முழுப்பொருத்தம். அன்று மாலை தந்தை வார்டில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

தங்கையின் ரத்தச் சோதனையில் தட்டணுக்கள் 1,08,000 என்று இருந்தன. இயல்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் வைரஸ் காய்ச்சல் வந்து போனதாகச் சொன்னார்கள். அதை அப்படியே எழுதி, கொடையாளராகத் தகுதி உண்டு என்று எங்கள் குழு கையெழுத்திட்டது. கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று. வைரஸ் காய்ச்சலில் இறங்கும் தட்டணு இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும் என்பது எந்த மருத்துவ மாணவருக்கும் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்தும் ஏறாத எண்ணிக்கைக்குக் காய்ச்சல் காரணமாக இருக்க முடியாது. முழுப்பொருத்தம் கிடைத்த நிம்மதியில் அந்த எண்ணை நாங்கள் யாரும் நின்று பார்க்கவில்லை.

மாற்று சிகிச்சைக்குப் பதினோரு நாள் இருக்கையில் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

நோய் கண்டறிந்த நாளில் எடுத்த மஜ்ஜையில் ரன்எக்ஸ்-1 என்ற மரபணுவில் இரண்டு மாறுபாடுகள் இருந்தன. ஒன்று, படிக்கப்பட்ட மரபணுப் பிரதிகளில் 48 சதவீதத்தில். மற்றது 34 சதவீதத்தில். நோய் தணிந்த பிறகு எடுத்த மஜ்ஜையில் இரண்டாவது மாறுபாடு அடியோடு மறைந்திருந்தது. முதலாவது 49 சதவீதத்தில் அப்படியே நின்றது. நோயணுக்கள் போய்விட்ட மஜ்ஜையில் ஒரு மாறுபாடு ஏறத்தாழப் பாதிப் பிரதிகளில் இருக்கிறதென்றால், அது நோயணுவுக்கு உரியதாக இருப்பதற்கில்லை. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகள், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. உடம்பின் எல்லா அணுக்களிலும் அவற்றில் ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் அளவு ஐம்பதை ஒட்டித்தான் வரும். ஆய்வக விஞ்ஞானி இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். அவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: 'கொடுக்கப்போற தங்கச்சிக்கு இதப் பாத்தீங்களா?'

பார்க்கவில்லை. மாற்று சிகிச்சையை நிறுத்தி வைத்தோம்.

பிறவி மாறுபாடும் பிற்பாடு வந்த மாறுபாடும்

ரத்தப் புற்றுநோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது நம்மிடையே ஒரு குழப்பம் தொடர்ந்து நிலவுகிறது. 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா நோயாளிகளிடம் வழக்கத்தைவிடச் சிறுத்துப்போன ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அது 9, 22 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிக்கொண்டதால் வந்தது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். இத்தகைய மாற்றங்கள் ஒருவர் பிறந்து வளர்ந்த பின், மஜ்ஜையில் ஏதோ ஓர் அணுவில் நேர்பவை. அவை பெற்றோரிடமிருந்து வருவதுமில்லை, பிள்ளைகளுக்குப் போவதுமில்லை. லுகேமியா மரபணு நோய்தான், ஆனால் பெரும்பாலும் பரம்பரை நோயன்று என்று மருத்துவர்கள் சொல்வது இந்தப் பொருளில்தான். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் எங்களுக்கே பழகிப்போய், 'பெரும்பாலும்' என்ற சொல்லின் எடை குறைந்துவிட்டது.

இடம் மாறும் குரோமோசோம்களில் இன்னொரு ஜோடி 8, 21. அதையும் ரௌலிதான் கண்டறிந்தார். 21ஆம் குரோமோசோமில் அந்த உடைப்பு விழும் இடத்தில் இருக்கும் மரபணுதான் ரன்எக்ஸ்-1. கருவில் ரத்த உற்பத்தியைத் தொடங்கிவைப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. இது அறவே இல்லாத எலிக்கரு நிலையான ரத்த உற்பத்தியைத் தொடங்க முடியாமல் இறந்துபோகிறது. மற்ற பல மரபணுக்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று ஆணையிடும் புரதத்தை இது உருவாக்குகிறது. தட்டணுக்களைப் பிறப்பிக்கும் பெரிய மஜ்ஜை அணுக்கள் முதிர்வதற்கும் இது வேண்டும். மனிதரில் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால் ரத்தம் உற்பத்தியாகும், ஆனால் தட்டணு குறையும், இருக்கும் தட்டணுவும் சரிவர ஒட்டாது. அந்த மஜ்ஜையில் நல்ல பிரதியும் ஒருநாள் பழுதாகிவிட்டால், அல்லது வேறு மரபணுக்களில் பிழைகள் சேர்ந்துகொண்டால், லுகேமியா பிறக்கிறது. எங்கள் நோயாளியிடம் 34 சதவீதத்தில் கண்ட இரண்டாவது மாறுபாடு அந்த இரண்டாம் அடிதான்.

இந்தத் தொடர்பு 1999இல் நிறுவப்பட்டது. தலைமுறைகளாகத் தட்டணுக் குறைவும் லுகேமியாவும் சேர்ந்து வந்த குடும்பங்களில் ரன்எக்ஸ்-1 மாறுபாடு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் சி.இ.பி.பி.ஏ., கேட்டா-2, இ.டி.வி.-6, டி.டி.எக்ஸ்-41 என்று பட்டியல் நீண்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, பிறவி மாறுபாட்டால் வரும் மைலாய்டு புற்றுநோய்களுக்குத் தனி இடம் கொடுத்தது. ரன்எக்ஸ்-1 மாறுபாடு உள்ளவர்களில் நூற்றுக்கு 35 முதல் 45 பேர் வரை வாழ்நாளில் ரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்பது இதுவரை கண்ட குடும்பங்களிலிருந்து கிடைத்த கணக்கு. பாதிக்கு மேற்பட்டோருக்கு வருவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு வகையும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் ஐ.கே.இசட்.எஃப்-1, ஏ.ஆர்.ஐ.டி-5பி போன்ற மரபணுக்களின் அருகே மக்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் சிறு வேறுபாடுகள் அபாயத்தை ஒன்றரை, இரண்டு மடங்கு என்ற அளவில் கூட்டுகின்றன என்று 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கும் குறைவாக வரும் நோயில் இரண்டு மடங்கு என்பது இன்னும் மிகச் சிறிய எண்தான். அத்தகைய வேறுபாடுகளுக்காக வீட்டில் உள்ளவர்களையெல்லாம் சோதிப்பதில் பொருளில்லை. ரன்எக்ஸ்-1 போன்றவை அரியவை, ஆனால் வலியவை.

குடும்பத்தைத் திரும்பக் கேட்டது

ரத்தத்திலோ உமிழ்நீரிலோ எடுத்த மாதிரியை நம்பி இதைப் பிறவி மாறுபாடு என்று அறுதியிட முடியாது. உமிழ்நீரில் கூட வெள்ளணுக்கள் கலந்திருக்கும். முன்கையிலிருந்து மிளகளவு தோலை எடுத்து, அதன் அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றில் மரபணுவைப் படிக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகும். இடைவெளியில் நோய் மீளாதிருக்க உயர் அளவு சைட்டராபின் ஒரு சுற்றுக் கொடுத்தோம். அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஓட்டு வீடு. திண்ணையில் தாயாரின் சின்னம்மா, எழுபது வயதைக் கடந்தவர், கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வட்டமும் சதுரமுமாக வம்சாவளி வரையத் தொடங்கினேன். இம்முறை புற்றுநோயைப் பற்றிக் கேட்கவே இல்லை. சில்லுமூக்கு உடைவது யாருக்கு, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் போனது யாருக்கு, லேசாக இடித்தாலே உடம்பு கன்றிப்போவது யாருக்கு, மாதவிலக்கில் அதிகம் போவது யாருக்கு என்று கேட்டேன்.

பாட்டி சிரித்தார். 'எங்க பக்கத்துப் பொம்பளைகளுக்கு எல்லாத்துக்குமே பெரும்பாடுதானுங்க. அது எங்க வாகு. எங்கக்கா அம்பத்தி மூணு வயசுல ரத்தஞ் சுண்டித்தான் போய்ச் சேர்ந்தா. வெளுத்துத் துணியாட்டம் ஆயிட்டா. மூணு தடவ ரத்தம் ஏத்துனாங்க, ஒட்டல.'

அந்த அக்காள்தான் நோயாளியின் அம்மாயி, அதாவது தாயின் தாய். தாயாருக்கு 36 வயதில் பெரும்பாட்டுக்காகவே கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. அறுவைக்கு முன் தட்டணு குறைவு என்று இரண்டு பை ஏற்றியிருக்கிறார்கள். ஏன் குறைவு என்று யாரும் கேட்டதாகக் காகிதத்தில் இல்லை. தாயாரின் தம்பி 31 வயதில், ஒன்பது வருடங்களுக்கு முன், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்பதே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த காரணம்.

தந்தை உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். நிலப்பத்திரம், கல்யாணப் பத்திரிகை, எல்.ஐ.சி. ரசீது இவற்றுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு ஆய்வகச் சீட்டு, இறந்துபோன அந்தத் தம்பியுடையது. மடிப்பில் கிழிந்து, மஞ்சளாகி, ஒரு மூலை கரையான் அரித்து இருந்தது. வெள்ளணு 68,400. முதிராத அணு 71 சதவீதம். தட்டணு 11,000. அந்த மனிதர் லுகேமியாவால் இறந்திருக்கிறார். ரத்தக் கசிவு அதன் விளைவு. அவசரப் பிரிவில் ஒரே இரவில் நடந்து முடிந்த மரணத்தில், கடைசியாக நேர்ந்ததைச் சொன்னவர்கள் முதலாவதைச் சொல்ல நேரமில்லாமல் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டை வீட்டில் யாரும் படிக்கவில்லை. ஒன்பது வருடம் அது பரணில் இருந்தது.

பிறகு நோயாளியின் பழைய சீட்டுகளையும் தேடி எடுத்தோம். 14 வயதில் டெங்கு என்று படுத்தபோது தட்டணு 84,000. 18 வயதில் மறுபடி டெங்கு என்றபோது 91,000. இரண்டு முறையும் காய்ச்சல் விட்டபின் ரத்தம் மறுபடி பார்க்கப்படவில்லை. டெங்கு பரவிய ஊரில் தட்டணு குறைந்தால் டெங்கு என்று நினைப்பது தவறாகாது. ஆனால் காய்ச்சல் விட்ட ஒரு மாதத்தில் இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, அந்த ஒரு சோதனை இந்தப் பையனுக்கு எட்டு வருடங்களுக்கு முன்பே வழி காட்டியிருக்கும்.

சொந்தத்தில் கட்டியதா, மருந்து அடித்ததா

இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் தங்களைத் தாங்களே குற்றவாளியாக்கிக்கொண்டு இருந்தார்கள். தந்தை இளவயதில் முதலமடைப் பக்கத்து மாந்தோப்புகளில் மருந்து அடிக்கும் வேலை செய்தவர். எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்யும் முன் அந்தத் தோப்புகளில் அதுவும் அடிக்கப்பட்டது. கைலியில் மருந்து வாடையோடு வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியதே காரணம் என்று அவர் நம்பியிருந்தார். பென்சீன், கதிர்வீச்சு, முன்பு எடுத்துக்கொண்ட சில கீமோ மருந்துகள் ஆகியவை மைலாய்டு லுகேமியாவை உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்டது. பூச்சிமருந்துகள் குறித்து ஆய்வுகள் இருக்கின்றன; பாதுகாப்பின்றி அவற்றைக் கையாள்வது பல வகையில் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் மருந்து அடித்ததால் மனைவியின் தம்பியும் மாமியாரும் நோயுற்றிருக்க முடியாது என்பதை வம்சாவளித் தாளைக் காட்டித்தான் அவருக்கு விளக்க முடிந்தது.

தாயாரின் குற்ற உணர்வு வேறு. அவர் கட்டியது சொந்த அத்தை மகனை. வார்டில் வந்து பார்த்த உறவினர் முதல் ஊர்க்காரர் வரை, சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர்களான நாங்களும் அதே தடத்தில்தான் முதலில் போனோம். பெற்றோர் உறவினர் என்றதும் ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை மஜ்ஜை நோய்க்கான குரோமோசோம் முறிவுச் சோதனையை அனுப்பினோம். அது தேவையான சோதனைதான். அந்த நோய் இருந்தால் மாற்று சிகிச்சைக்கான மருந்தளவையே குறைத்தாக வேண்டும். அது இல்லை என்று வந்தது. இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் நோய்களில்தான் உறவு மணம் அபாயத்தைக் கூட்டுகிறது. ரன்எக்ஸ்-1 அப்படியல்ல. ஒரு பிரதி பழுதே போதும். யாரைக் கட்டியிருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. அதற்கும் மேலே, இந்தக் குடும்பத்தில் உறவு என்பது தாயாரின் தந்தை வழியே வந்தது; தாயாரின் தந்தையும், கணவரின் தாயும் உடன்பிறந்தவர்கள். மாறுபாடோ தாயாரின் தாய் வழியே வந்தது. அந்தக் கல்யாணத்துக்கும் இந்த மாறுபாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தோல் அணுக்களின் முடிவு வந்தது. நோயாளிக்கு இருப்பது பிறவி மாறுபாடே. தாயாருக்கும் அது இருந்தது. அவருடைய தட்டணு 98,000. தந்தைக்கு இல்லை.

தங்கையிடம் தனியாகப் பேசினேன். பெற்றோரை வெளியே இருக்கச் சொன்னதில் அவர்களுக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் அண்ணனுக்காகக் கொடையாளராக வந்த பெண், அதற்காகவே தன் எதிர்காலத்தைப் பற்றிய ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளும்படி தள்ளப்படுகிறாள். தெரிந்துகொள்ளாமலே இருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. சோதிக்காவிட்டால் அவளுடைய குருத்தணுவை எடுக்க மாட்டோம், அதற்குக் காரணமும் வெளியே சொல்ல மாட்டோம், வேறு கொடையாளரைத் தேடுவோம் என்று சொன்னேன். பாதி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டது இது: 'இது இருக்குன்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுருமுங்களா டாக்டர்?' பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நின்றுவிடாது என்று உறுதி கொடுக்க என்னால் முடியவில்லை. பத்து நாள் எடுத்துக்கொண்டார். பிறகு தானாக வந்து கையை நீட்டினார். அவருக்கும் மாறுபாடு இருந்தது.

அவரிடமிருந்து குருத்தணுவை எடுத்துச் செலுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மருத்துவ இதழ்களில் முன்னுதாரணங்கள் உண்டு. மாறுபாடு உள்ள உடன்பிறப்பின் குருத்தணு சரிவர வேரூன்றாமல், தட்டணு ஏறாமல் போனவை இருக்கின்றன. வேரூன்றிய பிறகு, கொடுத்தவரின் அணுக்களிலிருந்தே புதிதாக லுகேமியா எழுந்தவையும் இருக்கின்றன. கடும் கீமோவால் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, அதே பழுதுள்ள மஜ்ஜையைத் திரும்ப நட்டிருப்போம்.

பொருத்தம் எங்கிருந்து வந்தது

வேறு கொடையாளரைத் தேடும்போதுதான் இந்த நிகழ்வில் நான் எதிர்பாராத திருப்பம் நேர்ந்தது. பெற்றோர் பொதுவாகப் பிள்ளைக்குப் பாதிப் பொருத்தம்தான். பாதிப் பொருத்தத்திலும் இன்று மாற்று சிகிச்சை நடக்கிறது என்பதால் தந்தையைச் சோதித்தோம். முழுப்பொருத்தம் என்று வந்தது. மாதிரி மாறிவிட்டதோ என்று மறுபடி எடுத்து அனுப்பினோம். மறுபடியும் முழுப்பொருத்தம்.

காரணம், எல்லோரும் பழித்த அந்த உறவு மணமே. திசுப்பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் ஒரு தொகுப்பாக அமைந்து, பெரும்பாலும் தொகுப்பாகவே கைமாறுகின்றன. தாயாரின் தந்தையும் கணவரின் தாயும் உடன்பிறந்தவர்கள் என்பதால் ஒரே தொகுப்பு இருவர் வழியாகவும் இறங்கி, தாயாரிடம் ஒன்றும் தந்தையிடம் ஒன்றுமாக இருந்தது. மகனுக்குத் தாய் கொடுத்தது அந்தப் பொதுத் தொகுப்பு. தந்தை கொடுத்தது தன் மற்றொரு தொகுப்பு. ஆக மகனிடம் இருந்த இரண்டும் தந்தையிடம் இருந்த அதே இரண்டு. ரன்எக்ஸ்-1 இருப்பதோ 21ஆம் குரோமோசோமில்; அது தன் வழியில் அம்மாயியிடமிருந்து தாய் வழியாக வந்தது. உறவு மணம் அதிகமுள்ள நம் சமூகங்களில் உடன்பிறந்தோரைத் தாண்டிப் பெற்றோர், அத்தை, மாமன் வரை பொருத்தம் பார்ப்பது பயன் தரும் என்பது மாற்று சிகிச்சை செய்பவர்கள் அறிந்த ஒன்று. நாங்கள் தங்கையோடு நின்றுவிட்டிருந்தோம்.

இதைத் தாயாரிடம் சொன்ன நாளில் அவர் நெடுநேரம் பேசவில்லை. மாறுபாடு தன் வழியே வந்தது என்று முந்தைய வாரம்தான் கேட்டிருந்தார். 'நாந்தான் குடுத்துட்டேன்' என்று அழுதவரிடம், கண்ணின் நிறம்போல் அது தேர்ந்து கொடுப்பதன்று என்று நான் சொன்னது அவ்வளவாக எடுபடவில்லை. பொருத்தமான தொகுப்பும் உங்களிடமிருந்து போனதுதான் என்று காலண்டர் தாளில் கோடு போட்டுக் காட்டியபோது, அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

மாற்று சிகிச்சைக்கு முன் நோயாளியின் விந்தணு உறைநிலையில் சேமிக்கப்பட்டது. தந்தையின் குருத்தணு செலுத்தப்பட்ட பதினாறாம் நாள் வெள்ளணுக்கள் எழுந்தன. செலுத்திய அணுக்கள் குடலைத் தாக்கும் மிதமான எதிர்வினை ஒன்று வந்து, ஸ்டீராய்டில் அடங்கியது. இப்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறந்துபோன மாமனின் மனைவி மகனோடு உடுமலைப் பக்கம் பிறந்த வீட்டில் இருக்கிறார். அந்தச் சிறுவனுக்கு வயது 11. எதிர்ப்பாற்றல் தன் தட்டணுவையே அழிக்கும் நோய் என்று கருதி மூன்று வருடமாக விட்டுவிட்டு ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருந்தது. முகம் உப்பியிருந்ததே தவிரத் தட்டணு ஏறவில்லை. தகட்டில் பார்த்ததில், எண்ணிக்கை குறைந்திருந்தாலும் தட்டணு ஒவ்வொன்றின் பருமனும் இயல்பாகவே இருந்தது. சோதனையில் அவனுக்கும் மாறுபாடு. ஸ்டீராய்டு படிப்படியாக நிறுத்தப்பட்டது. தாயாரும் தங்கையும் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் எடுக்கக் கூடாது. பல் பிடுங்குவதானாலும் பிரசவமானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தங்கைக்கு மஜ்ஜை ஒருமுறை பார்த்து வைத்திருக்கிறோம், இயல்பாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை. தங்கள் இயல்பான தட்டணு எண்ணிக்கையே ஒரு லட்சத்தை ஒட்டித்தான் என்று தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டையை இருவரும் பையில் வைத்திருக்கிறார்கள். எல்லைக்கு எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு சேர்ந்தாலும் அதை முதலில் காட்டச் சொல்லியிருக்கிறோம்.

கல்யாணப் பேச்சு இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன காரணம் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பேச்சு மறுபடி தொடங்கினால் மாப்பிள்ளையிடம் தானே சொல்லிவிடுவதாகத் தங்கை சொல்கிறார். அதுவே சரி என்பது என் எண்ணம், ஆனால் எப்போது, எந்தச் சொல்லில் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோயாளியின் தட்டணு சென்ற மாதம் 2,14,000. அவருடைய பழைய சீட்டுகள் அனைத்திலும் தேடினாலும் இப்படியொரு எண் கிடைக்காது. ரத்தத்தில் ரன்எக்ஸ்-1 மாறுபாடு இல்லை. இருக்கும் ரத்தம் முழுவதும் தந்தையுடையது. தோலிலும் விந்தணுவிலும் மாறுபாடு இருக்கத்தான் செய்கிறது, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குப் பாதி வாய்ப்பும் அப்படியே இருக்கிறது. இனி எங்கேனும் அவருடைய ரத்தத்தை எடுத்து இந்தச் சோதனையைச் செய்தால் மாறுபாடு இல்லை என்றுதான் வரும். ஆகவே அவருடைய மருத்துவக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்: மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுக்கக் கூடாது, தோல் எடுக்கவும்.